சிறையில் இடம் போதுமா: இரவுக் கணக்கும் பகல் கணக்கும்

ஒரு கிளைச்சிறையில் இடம் போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரும் வேலை எங்கள் இருவரிடம் வந்தது. நான் தண்டையார்பேட்டைக்காரி, சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர். உடன் வந்தவர் ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். அளப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன, அதில் எதைப் பிடிப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எத்தனை, இன்று உள்ளே எத்தனை பேர், சதவீதம் என்ன. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரம் இப்படித்தான் வருகிறது. 2022 கணக்குப்படி இந்தியா முழுவதும் 131.4 சதவீதம். தமிழ்நாடு நூற்றுக்குள் நிற்கும் மாநிலம். 2016 மாதிரிச் சிறைக் கையேடு தங்கும் கூடத்தில் ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் தரை கேட்கிறது. 60 அடிக்கு 20 அடி கூடம் என்றால் 30 பேர். டேப் பிடித்தால் அரை மணியில் முடிந்துவிடும்.

பொறியாளர் அப்படித்தான் முடித்தார். “இடம் போதும்மா. ஆளுக்கு நாலு சதுர மீட்டருக்குக் குறையல.”

“வீட்டு ஆளுங்க மனு போட்டுக் கைதியைப் பார்க்கிற இடத்தை அளந்தீங்களா சார்?”

“அங்க யாரும் படுக்கிறதில்லையேம்மா.”

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தக் கணக்கே படுக்கிற கணக்குதான். ராத்திரி பூட்டிய பிறகு ஒருவருக்கு எவ்வளவு தரை என்பதை அது சரியாகச் சொல்லும். ஆனால் சிறை இயங்குவது பகலில். அட்மிஷன், சோதனை, டாக்டர், கோர்ட்டுக்கு அனுப்புவது, வீடியோவில் ஆஜர்படுத்துவது, வக்கீல் வருவது, வீட்டு ஆட்கள் மனு போட்டுப் பார்ப்பது, சமையல், குளியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும். இரண்டாவது வழி இதைத்தான் எண்ணுகிறது: ஒரு வேலைக்கு நெரிசலான நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம், அந்த இடத்தில் வேறு வேலையும் நடக்கிறதா. அதே கையேடு கழிப்பறைக்கு இரண்டு அளவு தருவதைக் கவனியுங்கள். இரவில் பத்துப் பேருக்கு ஒன்று, பகலில் ஆறு பேருக்கு ஒன்று. பகலுக்கு வேறு கணக்கு வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

நான் இரண்டாவது வழியின் பக்கம். இதை மறைக்கவில்லை.

சதவீதக் கணக்கில் எனக்குப் பயம் தரும் ஓட்டை ஒன்று உண்டு. நூலக அறையைத் தங்கும் கூடமாக மாற்றினால் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை கூடும், சதவீதம் இறங்கும். தாளில் நெரிசல் குறைந்துவிட்டது. உள்ளே இருப்பவருக்கோ உட்கார்ந்து படிக்க இருந்த ஒரே இடம் போய்விட்டது. தொழிற்கூடத்துக்கும் இதே கதி வரலாம்.

எங்கள் ஏரியாக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே பழக்கம்தான், பெயர் வைத்துச் சொல்வதில்லை, அவ்வளவே. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1837இல் கட்டிய பழைய மத்திய சிறை 2006 வரை இயங்கியது. பிறகு கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். தரைக் கணக்கில் புழல் ஒப்பிடவே முடியாத அளவுக்குப் பெரியது, இருநூறு ஏக்கருக்கு மேல். விசாரணைக் கைதிகளுக்குத் தனிச் சிறை, தண்டனைக் கைதிகளுக்குத் தனிச் சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை. பழைய சிறையின் நெருக்கத்தோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய சிறையிலிருந்து ஜி.ஹெச். கூப்பிடு தூரம், ஹைகோர்ட்டும் பக்கம். காசிமேட்டு அம்மா ஒருத்தி மகனைப் பார்த்துவிட்டு மீன் வியாபாரத்துக்கு நேரத்தோடு திரும்பிவிடலாம். இப்போது ஜி.என்.டி. ரோட்டில் அத்தனை தூரம் போய்வர அரை நாள் போகிறது.

சமையலறைக்கு நூறு பேருக்கு 150 சதுர மீட்டர் என்ற அளவு இருக்கிறது, பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீர், காற்றோட்டம் இரண்டும் எந்த வழியில் அளந்தாலும் பிடிபடும். என் முடிவைத் தீர்மானித்தது மனு பார்க்கும் இடம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு நூறு விசாரணைக் கைதிகள் இருக்கும் சிறையை எடுத்துக்கொள்வோம். நான்கு ஜன்னல்கள், மூன்று மணி நேரம், ஆளுக்கு அரை மணி. ஒரு நாளைக்கு 24 சந்திப்பு. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 144, நூறு பேருக்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் கூட்டம் ஆறு நாளுக்கும் பிரிந்து வருவதில்லை. வெள்ளி, சனியில் ரிமாண்ட் ஆனவர்களின் வீட்டார் திங்கட்கிழமை மொத்தமாக வந்து நிற்பார்கள். வக்கீல்களும் அதே ஜன்னலில். நாற்பது பேர் வந்துவிட்டால் அரை மணி பதினெட்டு நிமிடமாகிறது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் நாலு பேர், எல்லோரும் கத்துகிறார்கள். காது மந்தமான ஒரு பாட்டி பேரன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் பேச வேண்டியது சாதாரண விஷயமில்லை. ஜாமீன் கிடைத்தால் யார் ஜாமீன்தாரராக நிற்பார், ரேஷன் கார்டு யாரிடம், வீட்டு வரி ரசீது யார் பெயரில். இது கைமாறாவிட்டால் கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும் ஆள் உள்ளேயே கிடப்பார். இப்படித் தங்கிப்போகிறவர்கள் இருப்பதால்தான் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பேச இடமில்லாத சிறையில் போக வேண்டியவர் போகவில்லை, புதிதாக வருபவர் வந்துகொண்டே இருக்கிறார். படுக்கும் கூடம் நிரம்புகிறது. முதல் வழி கடைசியில் எண்ணுகிற அந்த நெரிசலில் ஒரு பங்கு இந்த ஜன்னலில் தொடங்குகிறது. 2022இல் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் விசாரணைக் கைதிகள் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பொறியாளரைத் திங்கட்கிழமை காலை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். வெளியே வெயிலில், உட்கார ஒரு பெஞ்சு இல்லாமல், கைக்குழந்தையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். அதன் பிறகு அவரே ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளியை அளந்தார்.

முதல் வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொறி, காசநோய் பரவுவதைத் தடுக்க ஆளுக்கு இத்தனை தரை என்பது உயிர்க் கணக்கு. மே மாதப் புழுக்கத்தில் பூட்டிய கூடத்துக்குள் ஒரு ராத்திரியை நான் கழித்ததில்லை, அதனால் அதன் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை. சிறைக்குச் சிறை ஒப்பிடவும் கோர்ட்டில் வைக்கவும் சதவீதம்தான் கைகொடுக்கும். என் அனுபவம் முழுக்க விசாரணைக் கைதிகளோடு. தண்டனைக் கைதிகள் இருக்கும் இடத்தில் மனு ஜன்னலைவிடத் தொழிற்கூடமும் வகுப்பறையும் முக்கியமாக இருக்கலாம். அங்கே வேலை செய்தவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு கணக்கையும் எழுதித்தான் கொடுத்தோம். முதல் பக்கத்தில் மனு பார்க்கும் இடம், வக்கீலுக்குத் தனி அறை, வெளியே நிழற்கூரை, கழிப்பறை. சதவீதம் இரண்டாம் பக்கத்தில். அந்த வரிசையை முடிவு செய்தது பொறியாளர்.