ஆழ்கடலுக்குப் போகும் படகில் எந்த றேடியோ செற்? எங்கள் எம்710 பற்றி

திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து, பல நாள் கடலில் நின்று மீன்பிடிக்கும் நெடுநாள் படகு விடுகிறவன் நான். முன்பு ஓட்டியாகவே போனேன். இப்போது முழங்கால் விடாததால் கரையில் நின்று பார்க்கிறேன். புதிதாகப் படகு எடுக்கும் பிள்ளைகள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் என்னைக் கண்டால் கேட்பது இதுதான்: "அண்ணை, செய்மதிப் போன் ஒண்டு வாங்கினாக் காணும்தானே, எஸ்.எஸ்.பி. செற் என்னத்துக்கு?" காணாது தம்பி என்றுதான் சொல்வேன். எஸ்.எஸ்.பி. என்பது நெடுந்தூரத்துக்குப் பேசும் றேடியோ. ஏன் என்பதை எங்கள் படகில் இருக்கும் ஐகொம் எம்710 செற்றை வைத்தே எழுதுகிறேன்.

இது கடலுக்கென்றே செய்த செற். 150 வாட் வலு. உற்பத்தி நின்றுபோன மாடல் என்பதால் பாவித்ததைத்தான் தேடி வாங்க வேண்டும், நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். டொலரோடு விலையும் ஏறி இறங்குவதால் அதை இங்கே எழுதவில்லை. 2182 கிலோஹேர்ட்ஸ் அவசர அலைவரிசைக்குத் தனிப் பொத்தான் உண்டு. எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் குரல் தெளிவாக வருகிறது. குறை என்றால் ஒன்று சொல்லலாம்: எம்802 போன்ற பிந்திய மாடல்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவசரச் செய்தி தானாகப் போகும், இதில் அந்த வசதி உள்ளே கிடையாது. வாயால்தான் கூப்பிட வேண்டும். அதனால் எங்கள் பெடியன்களுக்கு 4125, 6215, 8291 கிலோஹேர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசைகளைக் கபின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கிட்டத்துப் படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். செற் எல்லாரிடமும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவசர அழைப்புக்கான 16ஆம் சானலைத் திறந்து வைக்காமல் துறைமுக வாயிலுக்குள் வரக் கூடாது. ஆனால் அதன் அலை நேராகத்தான் போகும். 4 மீற்றர் உயரத்தில் அன்ரெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 10 கடல் மைலுக்குள்தான் பேசிக்கொள்ளலாம். எஸ்.எஸ்.பி.யின் அலையோ வானத்தில் மிக உயரே இருக்கும் அயன் மண்டலம் என்ற மின்னேறிய காற்றுப் படையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல திருகோணமலையில் நிலையம் வைத்துச் சிற்றலையில் ஆசியா முழுக்க ஒலிபரப்பியதும் இந்த வழியால்தான். அவர்களின் வலு எங்கே, எங்கள் 150 வாட் எங்கே! என்றாலும் வழி ஒன்றுதான்.

அதற்கு அலைவரிசையை நேரம் பார்த்து மாற்றத் தெரிய வேண்டும். பகலில் 8, 12 மெகாஹேர்ட்ஸ், இரவில் 4, 6. பகலில் 12இல் 400 கடல் மைலுக்கு அப்பால் நிற்கிறவன் பக்கத்தில் இருப்பது போலக் கேட்பான், 60 மைலில் நிற்கிறவன் கேட்கவே மாட்டான். அலை அவன் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விடுகிறது. செற் பழுது என்று பலர் கழற்றிக்கொண்டு வருவது இதைத் தெரியாமல்தான். பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்கு மிகக் கிட்ட இருப்பதால் பொழுதுபட்ட பிறகு சில மணி நேரம் குரல் நடுங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னலுக்கு இரைச்சலும் கூடும். அந்த நேரத்தைத் தவிர்த்து விடிய ஒரு தரம், இரவு ஒரு தரம் என்று பேச்சு நேரத்தை வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

இனி முக்கியமான விஷயம். செற்றுக்குக் கொடுக்கிற காசைவிடப் பூட்டுகிற வேலைக்குக் கவனம் கொடுங்கள். எங்கள் படகு ஃபைபர். இரும்புக் கப்பல் போல உடம்பே எர்த் ஆகாது. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஒரு தகடு பூட்டி, அதிலிருந்து ரியூனர் (அன்ரெனாவை அலைவரிசைக்குப் பொருத்திக் கொடுக்கும் பெட்டி) வரை அகலமான செப்புப் பட்டி இழுக்க வேண்டும். உருண்டை வயர் போதாது, இந்த அலை உலோகத்தின் மேற்பரப்பால் ஓடுவது, அகலம்தான் அதற்கு வழி விடும். முதலில் பூட்டிய ஆள் எஞ்சின் பிளாக்கில் ஒரு மெல்லிய வயரைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். மைக்கைப் பிடித்தால் உதட்டில் சுள்ளென்று அடித்தது, அந்தமான் பக்கம் போனால் கரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வேறொரு தம்பி வந்து தகடும் பட்டியும் போட்டு, ஏடி-130 ரியூனரை அன்ரெனாவின் அடியிலேயே வைத்தான். அதே செற்தான். அன்றிரவே காலிப் பக்கத்துப் படகு ஒன்று பதில் சொன்னது.

பற்றரி வயரும் அப்படித்தான். பேசும்போது 30 அம்பியர் வரை இழுக்கும் செற் இது. மெல்லிய வயர் என்றால் வோல்ற் விழுந்து குரல் உடைந்துவிடும். றேடியோவுக்குத் தனிப் பற்றரி வையுங்கள், அதையும் எஞ்சின் அறையின் அடியில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். தண்ணீர் ஏறுகிற நேரத்தில்தான் அது தேவைப்படும். மீனுக்குப் போடும் எல்.ஈ.டி. லைற்றுகளும் இன்வேர்ட்டரும் பெரும் இரைச்சல் தருகின்றன, கேட்கும் நேரத்தில் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அன்ரெனாவின் இன்சுலேற்றரில் உப்புப் படியும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

சரி, செய்மதிப் போனுக்கு வருவோம். எங்களிடமும் ஓர் ஐசாட்போன் 2 இருக்கிறது. நல்ல சாமான், பற்றரி எட்டு மணி நேரப் பேச்சுக்கு நிற்கும். வீட்டில் வருத்தம் என்றாலோ மீன் விலை கேட்கவோ இதுதான் வசதி. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். எந்தச் செய்மதி வங்கக் கடலை மூடுகிறது என்று கேளுங்கள். 2024 ஏப்ரலில் துறையா-3 செய்மதி பழுதானபோது ஆசிய பசுபிக் பக்கச் சேவையே நின்றது. அடுத்தது, இந்தியாவில் அனுமதியில்லாமல் துறையா, இரிடியம் போன்கள் வைத்திருப்பது குற்றம். நீரோட்டம் அந்தமான் பக்கம் இழுத்துப் பிடிபட்டால் மீன் வழக்கோடு இந்த வழக்கும் சேரும்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்ததிலிருந்து அதையும் கேட்கிறார்கள். கரையில் எடுக்கும் கட்டணத்தில் ஆழ்கடலில் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள், கடலுக்கு வேறு திட்டம். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் பற்றரியும் தாங்காது.

போன் ஒருவனுக்குத்தான் அடிக்கும். றேடியோவை எல்லாரும் கேட்பார்கள். இதை நான் கண்ணால் கண்டது, தெரிந்தவரின் படகு கியர்பொக்ஸ் உடைந்து கிழக்கே மிதந்தபோது. ஓட்டி செய்மதிப் போனில் முதலாளியைக் கூப்பிட்டார், முதலாளி எடுக்கவில்லை, நல்ல நித்திரை. எஸ்.எஸ்.பி.யில் கூப்பிட்டதும் தெற்கிலிருந்து வந்த சிங்களப் படகு ஒன்று மறுமொழி சொன்னது. அது சில மணி நேரத் தூரத்தில்தான் நின்றது, யாருக்கும் தெரியாது. அவர்கள் வந்து கட்டி இழுத்தார்கள். இவர்களுக்கு அவர்களின் நம்பர் தெரியாது, பெயர் தெரியாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையை நோக்கி வந்தபோதும் இதே செற்றில்தான் ஒரு படகு சொன்ன செய்தியை மற்றப் படகு அடுத்ததுக்குச் சொல்லித் திரும்பி வந்தார்கள்.

வி.எம்.எஸ். என்ற படகுக் கண்காணிப்புக் கருவியை றேடியோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீன் இறக்குமதியை நிறுத்தியபோது படகுகளைக் கண்காணிக்கவென்று அவசரமாகப் பூட்டப்பட்டது அது, 2016 ஜூனில் தடை நீங்கியது. படகு எங்கே நிற்கிறது என்று கொழும்புக்குச் சொல்லும், பக்கத்துப் படகுக்குச் சொல்லாது.

எங்கள் படகுக்கு அடுத்ததாக வாங்கப் போவது 406 மெகாஹேர்ட்ஸ் ஈபேர்ப் என்ற ஆபத்துக் குறி அனுப்பும் கருவி. படகு தாழ்ந்தாலும் மிதந்து 48 மணி நேரம் செய்மதிக்குக் குறி அனுப்பும். வாங்கினால் உங்கள் படகின் பெயரில் பதிந்துகொள்ளுங்கள், பதியாததிலிருந்து குறி வந்தால் அது யாருடைய படகு என்று தேடுகிறவர்களுக்குத் தெரியாது. எஸ்.எஸ்.பி. செற்றுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். பாவித்த செற் வாங்கும்போது விற்கிறவரிடம் அந்தப் பழைய கடதாசியையும் கேட்டு வாங்குங்கள்.