ஊட்டிக் குளிருக்கு நூடுல்ஸா, சேமியாவா, அரிசிச் சேவையா?

பால், நெய், முட்டை மூன்றையும் விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஊட்டியில் ஒற்றை அறை, தனி ஆள், 5 கிலோ சிலிண்டர். வேலை முடிந்து வந்தால், வீட்டில் இருப்பதை வைத்துப் பத்து நிமிடத்தில் சாப்பாடு ஆக வேண்டும். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், சேமியா, காய்ந்த அரிசிச் சேவை மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, இப்போது சேவையிலேயே நின்றுவிட்டேன்.

நூடுல்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் மைதா, பாமாயிலில் பொரித்தது, ஒரு பாக்கெட் ஒரு ஆளுக்கே காணாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம், பால் சேர்ந்திருக்கலாம். மசாலாவில் பால் பவுடர் இருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிடுங்கள்.

சேமியா மலிவு, ருசியிலும் குறையில்லை. இந்த ஊரில் அதை வேகவைப்பதுதான் பாடு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் சட்டென்று வேகும் அதே சேமியா, இங்கே மூடி போட்டும் நடுவில் நறுக்கென்று நிற்கும். குக்கரில் வைத்தால் களிதான். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் சிலிண்டரும் குளிர்ந்து தீ மந்தமாகிவிடுவதால் அடுப்படியில் நிற்கும் நேரம் இன்னும் கூடும்.

அரிசிச் சேவைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஏற்கெனவே ஆவியில் வெந்து காய்ந்தது, ஊறினால் போதும். கட்டன் டீக்குத் தண்ணீர் வைக்கும்போதே கூடக் கொஞ்சம் வைத்து, சேவை மேல் ஊற்றி மூன்று, நான்கு நிமிடம் மூடிவைக்கிறேன். வடித்து, அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு உதிர்த்தால் முடிந்தது. அப்புறம் அடுப்பு எரிவது தாளிக்க மட்டும்தான்: நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கைநிறைய வேர்க்கடலை, பெருங்காயம், கெட்டிப் புளிக்கரைசல், கடைசியில் வறுத்த எள்ளுப்பொடி. (தேங்காய் எண்ணெய் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே அது பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கிறது.) 200 கிராம் பாக்கெட் எனக்கு இரண்டு வேளைக்கு வரும்.

சிலிண்டர் இப்போது பத்து நாள் கூடுதலாக வருகிறது. ஆனால் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதை நிறுத்தி ஹீட்டர் வாங்கியதும் அதே மாதம்தான். அதனால் எல்லாப் பெருமையும் சேவைக்கே என்று சொல்ல மாட்டேன். ராகி சேமியா இரண்டே முறை செய்தேன். உப்புத் தண்ணீரில் நனைத்து இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி கட்ட வேண்டும். பிடித்திருந்தது, ஆனால் இரண்டு முறையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சேவையில் ஒரு குறை உண்டு. ஆறினால் விறைத்துவிடும், இந்தக் குளிரில் சீக்கிரமே ஆறியும் விடும். டப்பாவில் கட்டிக்கொண்டு போகிற நாளில் மட்டும் நான் இன்னும் சேமியாதான் கிண்டுகிறேன்.