மூன்று விரலா, கட்டைவிரலா? வில்லின் நீளத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

மரபு வில்லின் நாணை இழுக்க இரண்டு முறைகள் பெரிதாக நிலைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் நீள்வில்லும், முனைகள் முன்பக்கம் வளைந்த இன்றைய ஒலிம்பிக் ரிகர்வ் வில்லும் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் இழுக்கப்படுபவை. துருக்கி, மங்கோலியா, கொரியா வில்லாளிகள் கட்டைவிரலால் இழுப்பவர்கள். எது உயர்ந்தது என்று வாதாடுவதில் பயனில்லை. உங்கள் வில் எவ்வளவு நீளம் என்பதுதான் முதல் கேள்வி.

50 அங்குலக் கொம்புவில்லை 30 அங்குலத்துக்கு மேல் இழுத்தால் நாண் கூர்கோணத்தில் மடியும். மூன்று விரல்களை அங்கே வைத்தால் மேலும் கீழும் இருந்து நசுங்கும். நடுவில் சிக்கும் அம்பின் வாற்பிளவு, அதாவது நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு, நெரிபட்டு, விடும்போது அம்பு தடுமாறும். கட்டைவிரல் ஒரே புள்ளியில் கொக்கியாக நிற்பதால் இந்த நெருக்கடி இல்லை. நீள்வில்லின் கதை வேறு. 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலின் விற்கள் இரண்டு மீட்டரை ஒட்டிய நீளமுள்ளவை. பலவற்றின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை நீள வில்லில் நாண் விரிந்தே நிற்கும். மூன்று விரல்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கீழே சொல்வதெல்லாம் இடக்கையில் வில் பிடிப்பவருக்கு. மற்றவர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று விரல் முறையில் அம்பு வில்லின் இடப்பக்கம் அமரும். சுட்டுவிரல் அம்புக்கு மேலே, மற்ற இரண்டும் கீழே. நாண் விரல்நுனியில் அல்ல, முதல் மூட்டு மடிப்பில் படிய வேண்டும். நுனியில் பிடித்தால் கொப்புளம் வரும், நாளடைவில் மரத்தும் போகும். சுமையில் பெரும்பங்கு நடுவிரலுக்கு. சுட்டுவிரலுக்கும் அம்புக்கும் நடுவே ஒரு நெல்மணி அகலம் இடம் விடுங்கள். அம்பை இறுக்கினால் அது இடப்புறமாக நழுவி விழும். புறங்கையைத் தட்டையாக வைத்து, தோள்பட்டை எலும்புகள் நெருங்கும்படி முதுகால் இழுத்து, சுட்டுவிரல் வாயோரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். விடும்போது விரல்களை விரித்து உதற வேண்டாம். தளர்த்தினால் போதும், நாண் தானே உருண்டு போகும். கை முகத்தை விட்டு வெளிப்பக்கம் பறந்தால் நாணும் பக்கவாட்டில் ஆடும், அம்பு குறியை விட்டு விலகும்.

கட்டைவிரல் முறையில் அம்பு வலப்பக்கம். கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, சுட்டுவிரலால் அதன் நகத்தின்மேல் பூட்டுப் போட வேண்டும். சுட்டுவிரல் நுனி நாணைத் தொட்டால் விடுகை கெடும். பிறகு மணிக்கட்டை மெல்ல முறுக்கி, சுட்டுவிரலின் அடிப்பகுதி அம்பை வில்லோடு ஒட்டி அழுத்தும்படி செய்யுங்கள். இந்த முறுக்கு இல்லாவிட்டால் அம்பு வலப்புறம் விழும். மிகுந்தால் அம்பே வளையும். புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

அடுத்தது, நாண் அறுக்காமல் இருக்கக் கட்டைவிரலில் போடும் மோதிரம். துருக்கியர் ஸிஹ்கிர் என்பார்கள், கொரியர் கக்ஜி என்பார்கள். கொம்பு, எலும்பு, ஜேட் என்னும் பச்சைக்கல், தோல் எனப் பல பொருள்களில் கிடைக்கும். உள்வாய் வட்டமாக அல்லாமல் முட்டை வடிவில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பி மூட்டைத் தாண்டி நுழைத்து, கால் சுற்றுச் சுழற்றினால் அது தானே பூட்டிக்கொள்ளும். வட்ட மோதிரம் அம்போடு சேர்ந்து பறந்துவிடும். முழு இழுப்பில் கை தாடையின் பின்கோணத்தையோ காதுமடலையோ தாண்டும். அந்தக் கூடுதல் தூரமே குறுவில்லின் விசை.

இந்த முறையில் குறி தப்பும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: கொரிய மரபு வில்வித்தையில் இலக்கு இன்றும் 145 மீட்டர் தொலைவில்தான். வேகமும் உண்டு. அம்பும் அதை மாட்டும் கையும் ஒரே பக்கம் இருப்பதால், குதிரைமேல் அமர்ந்து அடுத்தடுத்து எய்ய இதுவே தோது. மகாபாரத ஆதிபருவத்தில் கட்டைவிரலைத் தந்த ஏகலைவன் பிறகு மற்ற விரல்களால் நாணை இழுக்கிறான். பழைய விரைவு மட்டும் வருவதில்லை. மூன்று விரல் முறையாக இருந்திருந்தால் துரோணர் கேட்ட காணிக்கை அவ்வளவு பெரிய இழப்பாகாது.

இரண்டையும் கலப்பது பெரும் பிழை. கட்டைவிரலால் இழுத்துக்கொண்டு அம்பை இடப்பக்கம் வைத்தால் கையின் முறுக்கே அதை வில்லிலிருந்து தள்ளிவிடும். வாங்கும்போதும் கவனியுங்கள். கடைகளில் வலக்கைக்காரருக்கென்று வரும் விற்களில் அம்பு தங்கும் தட்டு இடப்பக்கம் வெட்டப்பட்டிருக்கும். கட்டைவிரல் முறைக்குத் தட்டே இல்லாத வில் வேண்டும். அதில் அம்பு இடக்கைக் கட்டைவிரல்மேல் உரசிப் போகும்; இறகின் அடிமுனை தோலைக் கிழிக்காதிருக்க அங்கே நூலைச் சுற்றி மழமழப்பாக்குங்கள், விரலுக்கும் தோலுறை போடுங்கள்.

66 அங்குலத்துக்கு மேற்பட்ட வில்லென்றால் மூன்று விரல், 54க்குக் கீழென்றால் கட்டைவிரல். இடைப்பட்ட நீளங்களில் இரண்டும் நடக்கும். ஆசிரியர் எதில் தேர்ந்தவரோ அதையே எடுங்கள். தொடக்க இழுவிசை மூன்று விரலுக்கு 20 முதல் 25 பவுண்டு. கட்டைவிரலுக்கு அதிலும் குறைவாகத் தொடங்குவது நல்லது, தோலும் மூட்டும் பழக மாதங்கள் ஆகும். தோல் எரிச்சல் இரண்டு நாள் ஓய்வில் அடங்கும். கட்டைவிரலின் அடிமூட்டில் வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு, வலி முழுதும் போன பிறகு இன்னும் இலகுவான வில்லோடு திரும்புங்கள்.