இடையிலேயே ரிட்டர்னா, கடைசியில் ஒரே ரிட்டர்னா?

வெள்ளவத்தையில் கோடிங் பழகும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) விட்டு வெளியேற வைக்கும் ‘ரிட்டர்ன்’ கட்டளையைத் தேவையான இடத்திலெல்லாம் எழுதுவதா, கடைசியில் ஒன்று மட்டும் எழுதுவதா? கடை ஓடரைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் ஒன்றை எடுப்போம்.

வாசிப்பு: இடையிலேயே ரிட்டர்ன் என்றால், “கூடை காலியா? வெளியேறு. ஸ்டொக் இல்லையா? வெளியேறு” என்று மேலேயே முடிந்துவிடும். அப்புறம் உண்மையான வேலை இடது ஓரத்தில் நேராக ஓடும். ஒரே ரிட்டர்ன் என்றால் இஃப்புக்குள் இஃப். நான்காம் அடுக்கில் எந்த எல்ஸ் எதற்குரியது என்று விரல் வைத்துத் தேட வேண்டும்.

திருத்தம்: புது நிபந்தனை ஒன்றைச் சேர்க்க, இடையிலேயே ரிட்டர்ன் முறையில் இரண்டு வரி போதும்.

துப்புரவு (திறந்ததை முடிவில் மூடுவது): இதில் மட்டும் ஒரே ரிட்டர்ன் முந்துகிறது. சி மொழியில் நடுவில் வெளியேறினால், திறந்த ஃபைலை மூட மறப்பது எளிது. சி-யில் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா சி 2012 விதிகளும் கடைசியில் ஒரே வெளியேறலைத்தான் பரிந்துரைக்கின்றன. பைத்தனில் ஃபைலைத் தானாகவே மூடிவிடும் ‘வித்’ இருப்பதால் அந்தப் பயமில்லை.

நிபந்தனைச் சோதனைகள் நிறைந்த வெப் வேலைக்கு இடையிலேயே ரிட்டர்னை எடுங்கள். சி-யில் ஃபைல், மெமரி கையாள்பவர்களுக்குக் கடைசியில் ஒரே ரிட்டர்ன் சரி.