ஷாத்தோ ஷலோன் மஞ்சள் ஒயின்: 62 சென்டிலிட்டருக்கு இந்த விலை தகுமா?

பிரான்சின் கிழக்கு ஓரம், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜுரா வட்டாரத்தில் சுண்ணாம்புப் பாறை விளிம்பின் மேல் அமைந்த ஊர் ஷாத்தோ ஷலோன். மக்கள்தொகை 150-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த ஊர்ப் பெயரை லேபிளில் போட்டு ஒரே ஒரு வகை ஒயினைத்தான் விற்கலாம்: சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டுமே செய்யும் மஞ்சள் ஒயின். அதே தோட்டத்துக்காரர் சிவப்பு ஒயினோ சாதா வெள்ளை ஒயினோ செய்தால் அதை 'கோத் து ஜுரா' என்ற பொதுப் பெயரில்தான் விற்க வேண்டும். 1936 முதல் சட்டம் இது.

விலை, ஊரிலேயே வாங்கினாலும், பெரும்பாலும் 40 யூரோவுக்கு மேல். கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இதற்கு முன் மஞ்சள் ஒயின் குடித்தே பார்க்காதவர்கள் எடுத்த எடுப்பில் முழு பாட்டில் வாங்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து இனிக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இதில் இனிப்பே கிடையாது. புளிப்பு தூக்கலாக இருக்கும். வால்நட், உலர்ந்த ஆப்பிள், அதற்கடுத்து வெந்தய வாசனை. வெந்தயம் என்பது சும்மா சொல்வதில்லை. வெந்தயத்துக்கு மணம் தருகிற சோட்டோலோன் என்ற அதே சேர்மம்தான் இந்த ஒயினிலும் உருவாகிறது. மசாலா மணத்தோடு வளர்ந்த நம் மூக்குக்கு அது சட்டென்று பிடிபடும்.

விலைக்குக் காரணம் நிலவறையில் இருக்கிறது. ஓக் பீப்பாய்களில் (வழக்கமாக 228 லிட்டர்) ஒயினை ஊற்றி வைத்தால் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மற்ற ஒயின்களில் குறைந்த அளவை அவ்வப்போது நிரப்பிவிடுவார்கள், இதில் நிரப்பக்கூடாது. அந்தக் காலி இடத்தில் ஒயின் மேல் ஈஸ்ட் மெல்லிய படலமாகப் படர்கிறது. காற்றை அளந்து உள்ளே விடுவது அந்தப் படலம்தான். 2018-இல் அறுத்த திராட்சை என்றால் 2024 டிசம்பர் 15 வரை பீப்பாயில் இருந்தாக வேண்டும். அதில் 60 மாதமாவது படலத்தின் கீழ். கடைக்கு வருவது 2025 ஜனவரியில். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது ஊர்க்கணக்கு. தோள் சதுரமாக, குட்டையாக இருக்கும் கிளாவ்லான் பாட்டிலின் கொள்ளளவும் அதுவே.

எல்லாப் பீப்பாயும் தேறுவதில்லை. படலம் சரியாகப் பிடிக்காவிட்டால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து காடியாக்கிவிடும். அதனால் அவ்வப்போது ஒவ்வொரு பீப்பாயிலும் மாதிரி எடுத்துக் காடித்தன்மையையும் எத்தனல் (அசிட்டால்டிஹைடு) என்ற சேர்மத்தின் அளவையும் சோதிக்கிறார்கள். போக்கு சரியில்லாத பீப்பாயை மூன்று, நான்கு ஆண்டிலேயே வெளியே எடுத்து, சாதா சவான்யானாக விற்றுவிடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு இது நல்ல சேதி. படலத்தின் கீழ் வளர்ந்த அந்தச் சவான்யான் கணிசமாக மலிவு, வாசனையின் சாயலும் இருக்கும். முதல் பாட்டிலாக அதைத்தான் சொல்வேன்.

இந்த ஊர்க்காரர்கள்மேல் மரியாதை வருவது இன்னொரு விஷயத்தில். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்க்கும். தரம் போதாத ஆண்டில் ஊர்ப் பெயரையே போடக்கூடாது என்று முடிவெடுப்பார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஷாத்தோ ஷலோன் என்ற பெயரில் ஒயின் வரவே இல்லை. ஏறக்குறைய 50 ஹெக்டேரை வைத்துப் பிழைக்கும் விவசாயிகள் ஒரு முழு ஆண்டின் பெயரை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா?

தோட்டங்கள் பாறைக்குக் கீழே, செங்குத்தான சரிவில் இருக்கின்றன. மண் நீலச்சாம்பல் நிறக் களிமண். வடகாற்றைப் பாறை தடுக்கும். பகல் வெயிலின் சூட்டையும் பிடித்து வைக்கும். கனமழையில் மண் சரிந்து அடிவாரத்துக்குப் போய்விடும், அந்தக் காலத்தில் அதைத் திரும்ப மேலே சுமந்து போட்டார்கள். ஊருக்குள் உயர்குடிப் பெண்களின் பெனடிக்டின் கன்னியர் மடம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்து, பிரெஞ்சுப் புரட்சியோடு கலைந்தது. அந்தக் கன்னியர்தான் சவான்யானை ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்ற கதையை இன்றும் சொல்வார்கள். மரபணுச் சோதனையில் அது த்ராமினர் என்ற பழைய திராட்சையேதான் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து வேரை அரித்தது. ஒருகாலத்தில் 20,000 ஹெக்டேர் அளவுக்கு இருந்த ஜுராவின் திராட்சைப் பரப்பு இன்று சுமார் 2,000 ஹெக்டேர்தான். கல் ஓடு வேய்ந்த பழைய புனித பேதுரு தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, பாறை விளிம்பில் நின்று கீழே தோட்டங்களைப் பார்த்தால் இத்தனையும் ஒரே பார்வையில் புரியும்.

சுவை பார்க்கப் போகிறவர்களுக்கு: பெரும்பாலானவை குடும்பமாக நடத்தும் சிறு நிலவறைகள். முன்கூட்டி மின்னஞ்சலோ போனோ செய்யாமல் போனால் கதவு பூட்டியிருக்கும். மதியம் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், யாரும் வரமாட்டார்கள். சவான்யான் தாமதமாகப் பழுப்பதால் அக்டோபரிலும் அறுவடை ஓடும். அப்போது தொந்தரவு செய்யாதீர்கள். அடிவாரத்து வுவாத்தெரில் விவசாயிகளின் கூட்டுறவு நிலையம் இருக்கிறது, அவசரத்துக்கு அது வசதி. இங்கே சிவப்பை முதலில் ஊற்றி, வெள்ளைக்குப் போய், மஞ்சளைக் கடைசியாகத் தருவார்கள். வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள். மஞ்சள் ஒயினுக்குப் பிறகு வேறு எதுவும் நாக்கில் எடுபடாது. கார் இல்லாமல் போவது சிரமம். ஓட்டுகிறவர் துப்பும் பாத்திரத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

வீட்டில் திறக்கும்போது நடக்கும் பெரிய தப்பு, ஜில்லென்று ஊற்றுவது. 8 டிகிரியில் புளிப்பு மட்டும்தான் தெரியும். 14 முதல் 16 டிகிரி சரி. நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து, எடுத்துச் சற்று நேரம் வெளியே விட்டால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். குடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே கார்க்கைத் திறந்து வையுங்கள். ஆறு ஆண்டு காற்றோடு பழகிய ஒயின் என்பதால், மீதியைத் திரும்ப மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஒருவருக்கு 6 சென்டிலிட்டர் போதும். ஒரு பாட்டில் பத்துப் பேருக்கு வரும், விலையை அப்படிப் பார்த்தால் உறுத்தாது. கூடவே 18 மாதத்துக்கு மேல் முதிர்ந்த கோம்தே சீஸும் வால்நட்டும் இருந்தால் போதும்.

சமையலுக்கு என்றால் மஞ்சள் ஒயின் கோழிதான். ஒன்றரைக் கிலோ கோழித் துண்டுகளை வெண்ணெயில் லேசாக வதக்கி, 30 கிராம் உலர்ந்த மோரெல் காளானை ஊறவைத்து அலசிச் சேர்க்க வேண்டும். காளான் மடிப்பில் மணல் ஒளிந்திருக்கும், ஊறிய நீரைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றக்கூடாது. மோரெல் நன்றாக வேகாவிட்டால் வயிற்றுக்கு நஞ்சு. 200 மில்லி மலிவான சவான்யான் ஊற்றிக் கோழி வேகும்வரை மூடி வைத்து, 300 மில்லி கிரீம் சேர்த்துக் கெட்டியானதும் இறக்குங்கள். ஷாத்தோ ஷலோன் இரண்டு கரண்டி இறக்கும்போது மட்டும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வாசனை ஆவியோடு போய்விடும்.

இந்தியாவுக்கு எடுத்துவருகிறவர்களுக்குத் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர் அனுமதி. மூன்று கிளாவ்லான் 1.86 லிட்டர், சரியாக அடங்கும். செக்-இன் பெட்டியில் துணி சுற்றி நடுவில் வையுங்கள். வழக்கமான பாட்டிலுக்காகச் செய்த அட்டை உறையில் இதன் அகன்ற தோள் நுழையாது, அதனால் வாங்கும் இடத்திலேயே கிளாவ்லானுக்கான உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.