இயைபு எங்கே நிகழ்கிறது: தொடரியலிலா, அதற்குப் பின்னா?

பெயருக்கேற்ப வினைவிகுதி மாறுவதே இயைபு ('அவன் வந்தான்', 'அவள் வந்தாள்'); சொற்கள் சேர்ந்து தொடராக அமையும் இலக்கணப் பகுதியே தொடரியல். வினைக்குரிய கூறு தொடரமைப்பில் தனக்குக் கீழுள்ள பெயரைத் தேடி அதன் எண், இடம், பால் ஆகியவற்றைத் தொடரமைப்பு உருவாகும்போதே பெறுகிறது என்பது 2000இல் மொழியியலாளர் சாம்ஸ்கி முன்வைத்த கொள்கை. வேற்றுமை தீர்மானமான பிறகு, தொடரியலுக்கு வெளியேதான் இயைபு கணக்கிடப்படுகிறது என்று 2008இல் மொழியியலாளர் பொபால்யிக் வாதிட்டார்.

இந்தியில் எழுவாய், செய்பவரைக் காட்டும் 'நே' உருபை ஏற்கும்போது வினை அதை விடுத்து, உருபேற்காத செயப்படுபொருளோடு இயைகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதிலும் நான்காம் வேற்றுமைப் பெயர் வினைவிகுதியைத் தீர்மானிப்பதில்லை. எந்தப் பெயரோடு இயைவது என்பதை வேற்றுமையே தீர்மானிக்கும் இத்தகைய தரவுகளுக்கு இரண்டாம் கொள்கை நேரடியாக விடை தருகிறது. (முதற்கொள்கை இங்கே துணைவிதிகளை நாட வேண்டியுள்ளது.) ஆயினும் சில மொழிகளில் தொடரியல் செயலான, பெயர் எழுவாயிடத்துக்கு நகர்வதே இயைபைச் சார்ந்திருப்பதால், வேற்றுமையையும் இயைபையும் சேர்த்தே தொடரியலுக்குள் வைக்க வேண்டும் என்னும் மொழியியலாளர் பிரெமிங்கரின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.