பயோ-ஓஸ் எலும்புக் குருணை: எங்கே உதவும், எங்கே உதவாது

பல் பிடுங்கிய குழியை நிரப்பவும், சைனஸ் லிஃப்டுக்கும் (மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறையின் தளத்தை உயர்த்தி எலும்பு சேர்ப்பது) பல் மருத்துவர்கள் வாங்கும் பயோ-ஓஸ், மாட்டெலும்பின் கனிமம் மட்டுமே. தயாரிப்பது சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிக்.

இதன் குணத்தைத் தீர்மானிப்பது சூடு. காரத்தாலும் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தாலும் கொழுப்பையும் புரதத்தையும் நீக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எலும்புக் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டின் படிகங்கள் ஒட்டிப் பருப்பதில்லை. நுண்துளைகள் அப்படியே நிற்பதால் குருணை இரத்தத்தைச் சட்டென உறிஞ்சும். செராபோன் என்ற இன்னொரு மாட்டெலும்புக் குருணை இதற்கு நேர்மாறு. 1,200 டிகிரிக்கு மேல் சுடுவதால் புரதம் மிஞ்சுமோ என்ற கவலை இல்லை, ஆனால் படிகம் பெருத்து உட்பரப்பு சுருங்கிவிடுகிறது.

குருணை 0.25–1 மி.மீ., 1–2 மி.மீ. என இரண்டு அளவில் வருகிறது. ஒற்றைக் குழிக்குச் சிறியது போதும். சிறியதில் அரை கிராம் ஏறக்குறைய 1 சி.சி. இடத்தை நிரப்பும். சைனஸ் போன்ற பெரிய இடத்துக்குப் பெரியதை எடுங்கள், இடைவெளி கூடுதலாகக் கிடைக்கும். சலைனிலோ நோயாளியின் இரத்தத்திலோ நனைத்த பிறகே வையுங்கள். இறுக்கி அடைப்பதுதான் வழக்கமான தவறு. குருணை நொறுங்கும், இடைவெளி அடைபடும், இரத்தக் குழாய் உள்ளே நுழைய வழியிருக்காது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு. மேலே கொலாஜன் சவ்வு போடாமல் விட்டாலும் ஈறுத் திசு உள்ளே இறங்கிவிடும்.

கரைந்து முழுவதும் சொந்த எலும்பாக மாறிவிடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சைனஸில் வைத்து 11 ஆண்டு கழித்து எடுத்த மாதிரிகளிலும் குருணை இருந்தது. தாடை எலும்பின் மேடு வற்றாமல் காக்க அதுவே பலம். முழுக்கத் தன் எலும்பே வேண்டுமென்றால் நோயாளியின் எலும்பைத்தான் எடுக்க வேண்டும்.

விலை அதிகம், பிரித்த குப்பியில் மிஞ்சியதை மறுமுறைக்கு வைக்கவும் கூடாது. ஆகவே குழியை அளந்து, தேவையான சிறிய பொதியையே பிரியுங்கள். ஒப்புதல் படிவத்தில் இது மாட்டெலும்பு என்று தெளிவாக எழுதுங்கள். கூடவே பயன்படுத்தும் பயோ-கைட் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்து வருவது. அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.